உளியிலிருந்து தப்பிய ரொட்டி

உங்கள் வீட்டில் உப்பும் ஆப்ப சோடாவும் இருக்கிறதா? கூடவே ஒரு ஆப்பிள் இருந்தால் போதும், நீங்களே 'மம்மி' செய்துவிடலாம்! இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகள் பண்டைய எகிப்துப் பாடத்தின்போது இதைத்தான் செய்கிறார்கள்.

ஆப்பிள் துண்டைக் கிண்ணத்தில் போட்டு, இரண்டு பொடியையும் கலந்து மூடி வைக்க வேண்டியது. ஒரு வாரம் கழித்து எடுத்தால் அழுகியிருக்காது. சுருங்கி, பழுப்பேறி, பாட்டி போட்ட வற்றல் மாதிரி இருக்கும்! எகிப்தியர்கள் செய்ததும் வற்றல் வேலைதான். வாதி நத்ரூன் ஏரிகளில் படியும் 'நேட்ரான்' உப்பில் உடலை 40 நாள் புதைத்து வைத்தார்கள். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி போட்டு எடுத்தார்கள் என்று டீச்சர் சொன்னதும் வகுப்பில் ஒரே குஷி!

எனக்கென்னவோ அங்கே செய்கிற இன்னொரு கைவேலைதான் பிடிக்கும். அட்டையை நீள்வட்டமாக வெட்டி, தங்க வண்ணம் பூசி, அதற்குள் பிள்ளைகள் தங்கள் பெயரைச் சித்திர எழுத்தில் எழுதுவார்கள். ஆந்தை என்றால் 'ம்'. நீரலை 'ன்'. சின்ன ரொட்டி 'ட்'. இந்த நீள்வட்டத்துக்கு 'கார்டூஷ்' என்று பெயர். நிஜத்தில் அது முடிச்சுப் போட்ட கயிறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ராஜா, ராணி பெயராகத்தான் இருக்கும். 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் பூட்டைத் திறந்ததும் இந்தச் சாவியால்தான். 'டாலமி' கயிற்றுக்குள் நாலாவதாக ஒரு சிங்கம். 'கிளியோபாட்ரா'விலும் இரண்டாவதாக அதே சிங்கம். அப்படியென்றால் சிங்கம்தான் 'ல்'!

பெரும்பாலும் பிள்ளைகள் அட்டையில் ஜிகினா ஒட்டுவதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்தக் கயிறு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எகிப்தியருக்குப் பெயரும் உடல் மாதிரிதான், உயிரின் ஒரு பகுதி. உடலை எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் பெயர் போய்விட்டால் மறுமையில் ஆளே இல்லை! அதனால்தான் அதைச் சுற்றிக் காவலாக ஒரு கயிறு.

அந்தக் காவலையும் மீறி ஒரு காரியம் நடந்தது. கி.மு. 15-ம் நூற்றாண்டில் ஹட்ஷெப்சுட் என்ற பெண், ஃபாரோவாகவே முடிசூடி ஆண்டார். சிற்பங்களில் அவருக்குத் தாடிகூட உண்டு! அவர் இறந்து பல வருஷம் கழித்து, கணவரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் தட்மோஸ், டேர் எல்-பாஹ்ரி கோயிலில் அவர் பெயரை உளியால் செதுக்கி எடுக்க வைத்தார். பல இடங்களில் வேறு மன்னர்களின் பெயர்கள் ஏறின.

ஆனால், சிற்பிகள் ஒன்றைக் கோட்டை விட்டார்கள். எகிப்திய மொழியில் பெண்பால் விகுதி 'ட்'. அதே சின்ன ரொட்டி! பெயரை மாற்றியவர்கள், பக்கத்து வாக்கியங்களில் இருந்த ரொட்டிகளை எல்லாம் அழிக்கவில்லை. 1829-ல் அந்தச் சுவர் முன்னால் போய் நின்ற ஷாம்போலியோனுக்கு ஒரே குழப்பம். தாடி வைத்த இந்த ராஜாவை ஏன் 'அவள்' என்று எழுதியிருக்கிறது?