2018: பிட்டு அடித்தவனும் சிவப்புப் பேனா பிடித்தவரும்

பல்கலைக்கழகங்களில் நடக்கும் தேர்வு முறைகேடுகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு சேர்த்துக்கொண்டு வருகிறேன். சேர்த்ததைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது தமிழ்நாட்டுக் குறிப்புகளில் பெரும்பகுதி ஒரே ஆண்டில் வந்து குவிந்தது: 2018.

அந்த வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி, உதவிப் பேராசிரியர் நியமனம் ஒன்றுக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் என்ற வழக்கில், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. பல்லடத்துப் பிள்ளைகள் கலைக் கல்லூரிக்குப் போனால் பட்டம் வாங்குவது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். அதே மாதத்தில், அரசு பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்கள் 1,058-க்காக முந்தைய ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் மொத்தமாக ரத்து செய்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. அதில் 196 பேருடைய மதிப்பெண், அவர்கள் ஓஎம்ஆர் தாளில் நிஜமாகக் கறுப்படித்த வட்டங்களோடு பொருந்தவில்லை. தேர்வானால் இவர்கள்தான் நாளைக்குத் தேர்வு அறையில் நின்று மாணவனின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு விவகாரம் வெளியே வந்தது. 2017 ஏப்ரல்-மே செமஸ்டர் தேர்வு. விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லிப் பணம் கட்டியவர்கள் 3,02,380 பேர். அவர்களில் 73,733 பேர் தேறினார்கள் என்றும், 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது என்றும் கணக்கு வந்தது. தாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை கைமாறியதாகக் குற்றச்சாட்டு. திண்டிவனத்தில் நடந்த திருத்தும் முகாமை மையமாக வைத்து, முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்பட பத்துப் பேர் மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. பெயர்களை நான் எழுதப்போவதில்லை. முதல் தகவல் அறிக்கையில் இருப்பது குற்றச்சாட்டுதான். தவிர, எனக்கு இங்கே ஆட்களை விட அந்த எண்கள்தான் முக்கியம்.

அந்த வாரம் டீக்கடை முதல் டிவி வரை எல்லோரும் பேசியது லஞ்சத்தைப் பற்றி. 73,733 என்ற எண்ணையும் லஞ்சத்தின் அளவாகவே படித்தார்கள். ஒரு நிமிஷம் அதை வேறு மாதிரி படிப்போம். அதில் ஒருத்தர்கூடப் பணம் கொடுக்கவில்லை, அத்தனையும் நேர்மையாகத் திருத்தியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படின்னா கேட்டவர்களில் நாலில் ஒருவர் முதல் திருத்தலில் தவறாக ஃபெயில் ஆக்கப்பட்டவர். பல்லடம் பக்கம் கறிக்கோழி எடை போடும்போது பண்ணைக்காரர் கோழியைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், தராசைத்தான் பார்ப்பார். இரண்டாவது முறை வைக்கும்போது நாலில் ஒரு கூண்டின் எடை மாறுகிறது என்றால் அன்றைக்கு ஏவாரம் நின்றுவிடும். ஆக, எண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் கெட்ட செய்திதான். ஒன்று, திருத்தியவர்களில் சிலர் விலை போனார்கள். இல்லையென்றால், விலை போகாமலேயே பெருவாரியாகத் தப்பாகத் திருத்தினார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடந்திருக்கலாம்.

மறுமதிப்பீட்டுக்கே போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. நகல் வாங்க ஒரு கட்டணம், திருத்த இன்னொரு கட்டணம், அதுவும் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக. மூன்று அரியர் வைத்திருக்கும் விசைத்தறித் தொழிலாளியின் மகன் என்ன செய்வான்? அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம் என்று விட்டுவிடுவான். கேம்பஸ் இன்டர்வியூவில் ‘நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்’ என்று கம்பெனிக்காரர்கள் போடும் ஒரு வரி அவனை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1857-க்குப் போகிறது. அந்த ஆண்டில்தான் சென்னை, பம்பாய், கல்கத்தா என்று மூன்று பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். 1836-இல் ஏற்பட்ட அந்த லண்டன் பல்கலைக்கழகம் அப்போது பாடம் சொல்லித்தரும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகம். சென்னையும் அப்படித்தான். அதன் முதல் இரண்டு பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். பழைய சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தாரே, அதே தாமோதரம்பிள்ளைதான். அவருக்குப் பாடம் சொன்னது ஓரிடம், சோதித்துப் பட்டம் கொடுத்தது கடல் தாண்டி இன்னோரிடம்.

அதாவது சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், கேள்வி கேட்பவர் வேறொருவர், திருத்துபவர் மூன்றாமவர். மூவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு மாகாணம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்று நினைத்த அரசாங்கத்துக்கு இது நியாயமான யோசனைதான். ஆனால் மாணவனின் இடத்திலிருந்து பார்த்தால், தேர்வு என்பது முகம் தெரியாத ஒருவரோடு ஆடும் ஆட்டம். தன்னைப் படிக்க வைத்த வாத்தியாரை ஏமாற்றக் கூச்சப்படுகிறவன்கூட முகம் தெரியாத ஒரு ‘யுனிவர்சிட்டி’யை ஏமாற்ற அவ்வளவு கூச்சப்படுவதில்லை.

முகத்தை மறைப்பதில் நமக்கெல்லாம் மூத்தவர்கள் சீனர்கள். சோங் வம்சக் காலத்திலேயே, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்தார்கள். நம்ம டம்மி நம்பரின் தாத்தா அது. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எல்லா விடைத்தாளையும் எழுத்தர்களை வைத்து மறுபடி படியெடுக்க வைத்தார்கள். அதற்கப்புறம்தான் தாள் திருத்துபவர் கைக்குப் போகும். இவ்வளவு செய்தும் 1858-இல், இங்கே சென்னைப் பல்கலைக்கழகம் கண் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெய்ஜிங் தேர்வில் ஒரு தாள் மாற்றப்பட்டது. வேலைக்காரர் மூலமாக வந்த ஒரு சிபாரிசு, அவ்வளவுதான். தலைமைத் தேர்வாளர் போ ஜுன் அரசின் மிக உயர்ந்த அமைச்சர்களில் ஒருவர். 1859-இல் அவர் தலையை வெட்டிவிட்டார்கள். அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது, அந்தத் தண்டனையை யாரும் மெச்ச வேண்டியதில்லை. ஆனால் திருத்தும் மேசையில்தான் ஓட்டை இருக்கும் என்பது அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது.

நம்மூர் வழக்கம் இதற்கு நேர் எதிர். 1992-இல் உத்தரப் பிரதேசத்தில் காப்பி அடிப்பதை ஜாமீனில் வர முடியாத குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 14.70 சதவீதம். ஆட்சி மாறியதும் சட்டமும் போய்விட்டது. பள்ளிக்கூடம் நடந்ததா, வாத்தியார் வந்தாரா என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

மாணவன் யோக்கியன், பெரியவர்கள்தான் திருடர்கள் என்று சொல்ல வரவில்லைங்க. பிட்டு உண்டு, கால்குலேட்டர் மூடிக்குள் எழுதிய ஃபார்முலா உண்டு, பறக்கும் படை வருகிறது என்றதும் ஜன்னல் வழியாகப் பறக்கும் காகிதங்களும் உண்டு. இன்ஜினியரிங் படித்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடிபட்டால் விளக்கக் கடிதம், அந்தத் தாள் ரத்து, சில சமயம் அந்த செமஸ்டரே ரத்து. என் பார்வையில் இதைவிடப் பெரிய திருட்டு தேர்வு அறைக்கு வெளியே நடப்பது. கோவை காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் மாடி மாடியாக ‘ஃபைனல் இயர் பிராஜெக்ட்’ போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பு, கோடு, ரிப்போர்ட், வைவாவுக்குப் பதில் என்று எல்லாமே அங்கே கிடைக்கும். வாங்கியது என்று ஆசிரியருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று மாணவனுக்கும் தெரியும். அறுபது பேருக்கு உட்கார்ந்து உண்மையிலேயே வழிகாட்ட அவருக்கு நேரமும் கிடையாது. அதனால் வைவா நல்லபடியாக முடிந்துவிடும்.

யுஜிசி இதைக் கவனிக்காமல் இல்லை. அந்த 2018 ஜூலையில்தான் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குமுறை வந்தது. ஆய்வேட்டில் பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். அறுபது வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆசிரியர்களுக்கும் ஊதிய உயர்வு வெட்டு, சில ஆண்டுகள் நெறியாளராக இருக்கத் தடை என்று உண்டு. பதினான்கு சொற்கள் வரை தொடர்ச்சியாக ஒத்துப்போவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் ஒரு விதி. ஒரு புரோகிராமருக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். சொல்லை எண்ணும் இயந்திரத்தை ஏமாற்றச் சொல்லை மாற்றினால் போதும். தமிழ் ஆய்வேடுகளில் இது இன்னும் சுலபம். ஆங்கிலப் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தை அப்படியே தமிழாக்கிப் போட்டால் சதவீதம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதைப் பிடிக்க அந்தத் துறையில் படித்த ஒரு மனிதர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சதவீதம் வந்துவிட்டதால் வாசிக்க வேண்டிய கட்டாயம் குறைந்துபோனது என்பது என் சந்தேகம்.

சொல்லித்தருபவரும் திருத்துபவரும் ஒருவராகவே இருந்தால் என்ன என்ற சோதனையை இந்தியாவில் முதலில் செய்து பார்த்ததும் தமிழ்நாடுதான். 1978-இல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கிடைத்தது: சென்னை லயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி, நம்ம கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி. பாடத்திட்டம் அவர்களுடையது, கேள்வித்தாள் அவர்களுடையது, பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தினுடையது. 1857-இல் பிரித்து வைத்ததை நூற்று இருபது வருஷம் கழித்து மறுபடி ஒட்டிப் பார்த்தார்கள். இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வகுப்பில் வாயே திறக்காதவன் தாளில் பிரமாதமாக எழுதினால் ஆசிரியருக்கு உடனே உறைக்கும். கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டால் தீர்ந்தது. எந்தப் பறக்கும் படையாலும் அதைச் செய்ய முடியாது. ஆபத்தும் உண்டு. தேர்ச்சி விகிதத்தை விளம்பரத்தில் போட வேண்டிய கல்லூரியே தன் மாணவனுக்கு மார்க்கும் போடுகிறது.

பொறியியலில் காற்று எதிர்ப் பக்கம் அடித்தது. என் தலைமுறையில் கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2001-இல் சட்டம் திருத்தப்பட்டு மாநிலம் முழுவதும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் போனது. 2007-இல் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள், 2012-இல் மறுபடி சேர்த்துவிட்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே தேர்வு அலுவலகம். மூன்று லட்சம் மறுமதிப்பீட்டு விண்ணப்பம் ஒரே மேசைக்கு வந்தது அந்தச் சேர்க்கையால்தான்.

அந்த மேசையின் மேல் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது 2011 ஆகஸ்ட் 9-இல். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவன் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்வு வாரியங்கள் கடைசிவரை எதிர்த்த விஷயம் இது. ஆனால் திருத்தியவரின் அடையாளம் மறைந்தே இருக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அவருடைய பாதுகாப்பை நினைத்தால் அதுவும் சரிதான். மென்பொருள் உலகில் பெயரை மறைத்துவிட்டு, யார் எப்போது எந்த எண்ணை எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற பதிவை மட்டும் அழிக்க முடியாதபடி வைப்போம். முதல் மார்க்கும் இரண்டாவது மார்க்கும் பெரிதாக விலகினால் மூன்றாமவரிடம் போகும். ஒரே திருத்துநரிடம் விலகல்கள் குவிந்தால் மணி அடிக்கும். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, எந்த வங்கியும் தினமும் செய்கிற வேலை.

2024 ஜூன் 21-இல் மத்திய அரசின் பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை, கும்பலாகச் செய்தால் பத்தாண்டு வரை சிறையும் குறைந்தது ஒரு கோடி ரூபாய் அபராதமும். உத்தரப் பிரதேசச் சட்டத்தைப் போல எழுதுகிற பிள்ளையை இது ஜெயிலுக்கு அனுப்பவில்லை, கேள்வித்தாளை விற்பவரையும் விடைத்தாளை மாற்றுபவரையும்தான் குறி வைக்கிறது. முப்பது வருஷத்தில் வந்த நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் அதன் அட்டவணையைப் பாருங்க: யுபிஎஸ்சி, எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகள், தேசியத் தேர்வு முகமை நடத்துபவை, மத்திய அமைச்சகங்களின் ஆளெடுப்பு. பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வு அதில் இல்லை. நாளைக்கு இன்னொரு திருத்தும் முகாமில் தாளுக்குப் பத்தாயிரம் என்று பேரம் நடந்தாலும், போலீஸ்காரர் பழையபடி ஊழல் தடுப்புச் சட்டத்தையும் மோசடிப் பிரிவுகளையும்தான் புரட்ட வேண்டியிருக்கும்.