‘ஃபேர்’ என்னும் சொல்லும் சீன மாணாக்கரும்

செம்மை என்னும் தமிழ்ச்சொல் நிறத்தைக் குறிக்கும். நேர்மையையும் அழகையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபேர்’ என்னும் பெயரடையும் அத்தகையதே. பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் நேர்மை, மேனியின் வெண்மை, வானத்தின் தெளிவு, நடுத்தரம் முதலிய பொருள்களையும் ஏற்றது. சீன மொழியிலோ வெண்மைக்குப் ‘பாய்’, தெளிந்த வானுக்குச் ‘சிங்’, நடுநிலைக்குக் ‘கோங்’ எனத் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ஆதலின், ஆங்கிலம் பயிலும் சீன மாணாக்கர் இச்சொல்லைக் காணுந்தோறும் இடமறிந்து பொருள்கொள்ள வேண்டியவராகின்றனர்.

இவ்விரு மொழிகளையும் ஒருங்கே பயில மலாக்கா வழிவகுத்தது. 1818இல் ராபர்ட் மோரிசன் அங்கு ஆங்கிலோ-சீனக் கல்லூரியை நிறுவினார். அவருடைய ஆங்கில-சீன அகராதி 1822இல் மக்காவில் அச்சேறியது. அக்கல்லூரியில் பயின்ற யுவான் தெஹுய், 1839இல் கன்டனில் அபினி வாணிகத்தை ஒழிக்க முனைந்த ஆணையர் லின் செசூவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கேயே பயின்ற மோரிசனின் மகன் ஜான் ராபர்ட், ஆங்கிலேயர் தரப்பில் அப்பணியைச் செய்தார்.

அபினிப் போரில் சீனா தோற்றது. 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையில் பத்தாம் பிரிவு, துறைமுகச் சுங்கவரி ‘ஃபேர்’ ஆகவும் ஒழுங்குடையதாகவும் அமைய வேண்டும் என்றது. சீனப் படியில் இது ‘நடுநிலையோடு ஆய்ந்து வகுத்தல்’ என்றாயிற்று. மொழிபெயர்ப்பில் குறையில்லை, வெண்மையையோ தெளிவையோ எவரும் அங்கே கருதவில்லை. ஆனால் எவ்வளவு வரி நேர்மையானது என்பதைச் சொல் உரைக்கவில்லை. அதனை வென்றவரின் வலிமையே முடிவு செய்தது. 1858இல் பெரும்பாலான பண்டங்களுக்கு வரி நூற்றுக்கு ஐந்து என்றாயிற்று. அதனைத் தன் விருப்பப்படி உயர்த்தும் உரிமை சீனாவுக்கு இல்லை. அதே ஆண்டின் தியன்சின் உடன்படிக்கை, இருமொழிப் படிகளும் முரண்படின் ஆங்கிலப் படியின் பொருளே கொள்ளப்படும் என்றும் விதித்தது.

இதன்பின் ஆங்கிலம் கற்பது சீன அரசின் கடமையாயிற்று. 1862இல் பீக்கிங்கில் தொங்வென் குவான் என்னும் மொழிப்பள்ளி எழுந்தது. எனினும், தன் சுங்கவரியைத் தானே வகுக்கும் உரிமையை அமெரிக்காவும் பிரிட்டனும் ஏற்றது 1928ஆம் ஆண்டு உடன்படிக்கைகளிலேதான்.

ஒரு சொல்லின் பல பொருள்களை அகராதி வரிசைப்படுத்தித் தரும். அவற்றுள் உரியதைத் தேர்வது மாணாக்கரின் முதற்பணி. அச்சொல்லை யார், யாரிடம், எந்நிலையில் கூறினார் என்று வினவுவது அதனினும் இன்றியமையாதது. நேர்மை என்னும் சொல்லை ஏட்டில் எழுதிய பின்னும் நேர்மைக்காக 86 ஆண்டுகள் காத்திருந்தது சீன நாடு.