சுந்தரபாண்டியனின் அப்பா யார்?

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஓலையில் இல்லை, கம்ப்யூட்டரில். மதுரை, மேலூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக்கிடக்கும் பங்காளிகள் சேர்ந்து நிரப்பிய எக்செல் தாள் அது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், எழுதலாம். பெயர், பிறப்பு, இறப்பு, ஊர் என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவதாகக் 'குறிப்பு'. அந்தக் கட்டத்தில்தான் கூத்து. ஒருவர் ஒரு சொல் எழுதுவார், இன்னொருவர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். ஒரு சித்தி தன் மாமனாருக்கு நேரே "சுருட்டு" என்று மட்டும் எழுதியிருந்தார்.

போன வருஷம் சித்தப்பா மகன் ஒருவன் இதை ஒழுங்குபடுத்தினான். இனி தேதி என்றால் நாள்/மாதம்/வருடம், எண்ணில் மட்டும். குறிப்பு என்றால் ஒரே வரி, தொழில் மட்டும். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் அத்தை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த ஒரு வரி அதில் காணாமல் போனது: "பூட்டன், தாது வருசம், பஞ்சம் பொழைக்கக் கெழக்க போனவரு திரும்பல." தாது வருசம் எண் இல்லை, கட்டம் ஏற்கவில்லை. இறப்பு: காலி. தொழில்: விவசாயம்.

கோபம் வந்தது. அதோடு, எங்கேயோ படித்த ஒன்றும் ஞாபகம் வந்தது. மதுரையை ஆண்ட பாண்டியர்களின் வம்சாவளிக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது.

வேள்விக்குடிச் செப்பேட்டிலிருந்து தொடங்கலாம். பத்து ஏடுகள், இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 8-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வெளியிட்டது. சமஸ்கிருதப் பகுதி கிரந்த எழுத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். இரண்டும் அரசனின் முன்னோரைச் சொல்கின்றன, ஆனால் ஒன்று மற்றதன் நகல் அல்ல. இதுவும் பல கைகள் சேர்ந்து செய்த வேலைதான். பாடியவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர், அரசாணையை நிறைவேற்றிய அதிகாரி ஒருவர்.

தமிழ்ப் பகுதி தரும் வரிசை இது: கடுங்கோன், அவன் மகன் மாறவர்மன் அவனிசூளாமணி, அவன் மகன் சேந்தன், பிறகு அரிகேசரி, கோச்சடையன் ரணதீரன், ராஜசிம்மன், கடைசியில் நெடுஞ்சடையன். ஏழு தலைமுறை. யாருக்கு யார் மகன் என்று வெட்டித் தெளிவாக இருக்கிறது. முற்காலப் பாண்டியர் என்று நாம் பாடத்தில் படிப்பதன் முதுகெலும்பே இந்த வரிசைதான்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அந்த வரிசை எழுதப்பட்ட காரணம். அரசன் கூடல் மாநகரில் வீதியுலா போகும்போது ஒரு ஆள் குரல் எடுத்துக் கத்துகிறான். கொற்கைக்காரன், காமக்காணி நற்சிங்கன். என்ன குறை என்று அரசன் கேட்கிறான். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோன் நற்கொற்றனுக்கு வேள்விக்குடியைக் கொடுத்தார், நடுவில் களப்பிரர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள், திருப்பித் தாருங்கள் என்கிறான் இவன். அரசன் சிரித்துவிட்டு, பழைய உரிமை என்றால் நாட்டாரை வைத்து நிரூபி என்கிறான். அவனும் அங்கேயே நிரூபிக்கிறான், ஊர் திரும்பக் கிடைக்கிறது.

கவனித்தீர்களா? பெருவழுதிக்கும் கடுங்கோனுக்கும் நடுவே எத்தனை அரசர்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. அந்தப் பெரிய ஓட்டையில் இருப்பது ஒரே சேதி: களப்பிரர் வந்தார்கள். களப்பிரர் காலம் என்று நாம் போடும் சண்டை எல்லாவற்றுக்கும் முதன்மையான ஆதாரங்களில் ஒன்று, ஒரு குடும்பத்தின் நிலத் தகராறு. நம் பாஷையில் சொன்னால், குறிப்புக் கட்டத்தில் யாரோ எழுதிவைத்த வரி.

பிறகு காலம் மாறுகிறது. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகச் சோழன் மதுரையைப் பிடிக்கிறான், ராஜசிம்ம பாண்டியன் இலங்கைக்கு ஓடுகிறான். அந்த ராஜசிம்மனின் பெரிய சின்னமனூர்ச் செப்பேட்டில்கூட முன்னோர் வரிசை நீளமாக உண்டு. அதன் பிறகு மூன்று நூற்றாண்டு கழித்துப் பாண்டியர் மறுபடி தலைதூக்கும்போது எழுதும் முறையே வேறாகிவிட்டது. முதலாம் ராஜராஜன் பரப்பிய மெய்க்கீர்த்தி எங்கும் வந்துவிட்டது.

மெய்க்கீர்த்தி அபாரமான கண்டுபிடிப்பு, அதைக் குறை சொல்லக் கூடாது. அரசனின் புகழை ஒரே வாசகமாக எழுதி, நாடு முழுக்கக் கோயில் சுவர்களில் அதே சொற்களில் வெட்டுவது. புது வெற்றி வந்தால் வாசகம் நீளும். முதல் சொற்களைப் பார்த்ததும் எந்த அரசன் என்று கல்வெட்டாளர்கள் கண்டுகொள்வார்கள். திருமகளும் நிலமகளும் அரசனோடு வீற்றிருப்பார்கள், எதிரிகள் தோற்று ஓடுவார்கள், ஆனால் பெரும்பாலும் அப்பா இருக்க மாட்டார். இவன் இன்னாருக்கு மகன் என்று சொல்ல அந்த வடிவத்தில் இடமில்லை. சோழர்கள் செப்பேடுகளில் வம்ச வரிசையைத் தனியாகத் தொடர்ந்ததால் தப்பித்தார்கள். பாண்டியரிடம் அதுவும் குறைவு. மதுரைக்குப் பக்கத்துத் திருப்புவனத்தில் கிடைத்த குலசேகரனின் செப்பேட்டில் நிலத்தின் எல்லைகள் விலாவாரியாக உண்டு. வேள்விக்குடி மாதிரி தலைமுறை வரிசை கிடையாது.

விளைவு பெரிய குழப்பம். சடையவர்மன், மாறவர்மன் என்று இரண்டே பட்டங்கள் மாறி மாறி வரும். இயற்பெயர்களோ சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன், பராக்கிரமன் என்று ஒரு கைக்குள் அடங்கும். போதாததற்கு ஒரே நேரத்தில் பலர் ஆண்டார்கள். மார்க்கோ போலோவும் ஐந்து சகோதர அரசர்கள் என்று எழுதிவைத்தார். கல்லில் இருப்பது "கோச்சடைபன்மர் திரிபுவனச் சக்கரவர்த்திகள் சுந்தரபாண்டிய தேவர்க்கு யாண்டு" இத்தனை. எந்தச் சுந்தரபாண்டியன்? 1251-இல் பட்டத்துக்கு வந்து சிதம்பரத்துக்கும் திருவரங்கத்துக்கும் பொன் வேய்ந்தவனா, அல்லது அதே பெயரில் பின்னால் வந்தவனா? இவனுக்கு அப்பா யார்? கல் வாயைத் திறக்காது.

அப்புறம் எப்படித் தெரிந்தது என்றால், கல்வெட்டை எழுதிய கணக்கர்கள் ஒரு பழக்கத்தை விடவில்லை. அரசனின் புகழெல்லாம் முடிந்த பிறகு, தானம் கொடுத்த நாளைக் குறித்தார்கள். கும்ப நாயிறு, பூர்வபட்சம், இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். இந்த நான்கைந்தும் ஒன்றாகப் பொருந்தும் நாள் அடிக்கடி வராது. ஒரே அரசனின் பல கல்வெட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவன் பட்டத்துக்கு வந்த தேதியைக் கொஞ்ச நாள் இடைவெளிக்குள் அடக்கிவிடலாம். ஜெர்மானியரான கீல்ஹார்ன் இப்படித்தான் கணக்குப் போட்டார். பிறகு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை வந்தார். நூற்றாண்டுக் கணக்கான வருடங்களுக்குப் பஞ்சாங்கம் கணித்து 1922-இல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். கும்பகோணத்துக்காரர் என். சேதுராமன் 1978-இல் பிற்காலப் பாண்டியரின் காலவரிசையையே கணிதத்தால் மறுபடி கட்டி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அவர் தொழில்முறை வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, வியாபாரக் குடும்பத்துக்காரர்.

இவ்வளவு பேர் உழைத்தும் ஆட்சி ஆண்டுகள்தான் துல்லியமாகின. யார் யாருக்கு மகன், யார் யாருக்குத் தம்பி என்பதில் பல இடங்களில் இன்னும் ஊகம்தான். நட்சத்திரத்தை வைத்து நாளைப் பிடிக்கலாம், அப்பனைப் பிடிக்க முடியாது.

ஒத்தக்கடைப் பக்கம் போனால் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயிலில் இதற்கு நேரெதிரான ஒன்றைப் பார்க்கலாம். மாறன் காரி என்ற அமைச்சர் குடைவித்த கோயில். கலியுக ஆண்டு 3871 என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது, அதாவது கி.பி. 770. நெடுஞ்சடையனின் காலத்தைக் கட்டிப்போடும் ஆணி அது. காரி வேலை முடியும் முன்பே இறந்துவிட்டான், தம்பி மாறன் எயினன் அமைச்சராகி மண்டபம் கட்டிக் குடமுழுக்குச் செய்தான் என்பதையும் அங்கேயே எழுதியிருக்கிறார்கள். அரசனுக்குக் கிடைக்காத ஒரு வரி, 'அண்ணன் செத்தான், தம்பி முடித்தான்', ஒரு மந்திரி வீட்டுக்குக் கிடைத்திருக்கிறது.

எங்கள் தாளுக்கு வருகிறேன். தாது என்பது அறுபது வருடச் சுற்றில் ஒன்று: 1816, 1876, 1936, 1996. வெறுமனே தாது என்றால் நான்கு சுந்தரபாண்டியர்கள் வரிசையில் நிற்பது போலத்தான். ஆனால் அத்தை 'பஞ்சம்' என்றும் சொல்லியிருந்தார். தென்னிந்தியாவையே காலி செய்த தாது வருஷப் பஞ்சம் தொடங்கியது 1876-இல். என் தம்பி அழித்த வரியிலேயே அவன் கேட்ட எண்ணும் இருந்தது.

அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், பிறகு குறிப்புக் கட்டத்தின் பூட்டை எடுத்துவிட்டான். தேதிக் கட்டத்தை மாற்ற மட்டும் மறுத்துவிட்டான், வரிசைப்படுத்த முடியாதாம். அதுவும் நியாயம்தான். '1876' என்று அங்கேயும், அத்தை சொன்னது அப்படியே குறிப்பிலும் இருக்கட்டும் என்று முடிவானது.

சரிபார்க்க அத்தைக்குப் போன் போட்டேன். "பூட்டன் போனது எழுபத்தாறுலயா, எழுபத்தேழுலயா அத்தை?"

"அதெல்லாம் எனக்கென்னடா தெரியும்," என்றார். "எங்கப்பாவப் பெத்தவரு அப்ப கைக்கொழந்த. அத எழுதிக்க."