எத்தனை படி?

ஜொகூரில் லாயாங்-லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில்தான் நான் வளர்ந்தேன். தோட்டத்துக் கோயில் மேடைக்கு மூன்று படி. எண்ணி வைத்திருந்தவர் என் தாய்மாமா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் அவர்தான். பெட்டியைத் திறந்ததும் அவருடைய வலக்கை கறுப்புக் கட்டைகள்மேல் ஒருமுறை ஓடும். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும் அந்தக் கட்டைகளை வைத்தே ஸட்ஜத்தைப் பிடித்துவிடுவார். "கண்ணு இருக்கிறவன் பெட்டியப் பாத்து வாசிப்பான். எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பார்.

பார்வையற்ற கலைஞர்கள் தமிழுக்குப் புதிதில்லை. பொன்விளைந்த களத்தூர் வீரராகவ முதலியாருக்கு 'அந்தகக்கவி', அதாவது பார்வையற்ற கவி, என்பதே பெயரோடு ஒட்டிய பட்டம். புல்லாங்குழலைக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக உட்காரவைத்த கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) குழந்தையிலேயே பார்வையை இழந்தவர். பல்லடம் சஞ்சீவ ராவ் அவரிடம் படித்தவர். வித்தைக்கு என்றுமே பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும்தான் பஞ்சம்.

மலாயாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று 1926ல் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் தொடங்கியது. பிறகு பினாங்குக்கு இடம் மாறியது. எங்கள் ஜொகூர் பாருவில் 1948ல் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி வந்தது. தமிழையும் உள்ளடக்கிய பாரதி பிரெய்ல் முறை 1951ல் உருவானபோது மாமாவுக்குப் பள்ளி வயது. ஆனால் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் பாட்டிக்கு மனசு வரவில்லை. லயத்து வாசலில் வானொலி கேட்டுத்தான் மாமா பாட்டுப் படித்தார்.

நான் பள்ளி முடித்த வருடம் கோயிலைப் புதுப்பித்தார்கள். மேடை உயர்ந்தது, மூன்று படி ஐந்தானது. மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. வழக்கம்போல மூன்று எண்ணிவிட்டுத் தளம் வந்ததென்று காலை நீட்டினார். நான்காம் படி இடறி விழுந்தார். கூட்டம் "ஐயோ பாவம்" என்றது. அடுத்த வாரம் முதல் மேடைக்குக் கீழே அவருக்குப் பாய். ஒரு கைப்பிடி வைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கலைஞரைக் கீழே இறக்காமல் மேடையைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் அப்போதே வெளியுலகத்தில் வேர்விட்டிருந்தது. 1974ல் அமெரிக்காவில் ஜீன் கென்னடி ஸ்மித் தொடங்கிய 'வெரி ஸ்பெஷல் ஆர்ட்ஸ்' அமைப்பின் வழியில் சிங்கப்பூரில் 1993ல் ஒன்று எழுந்தது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதையும் உரிமையாகச் சொன்னது. ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை 2006ல் லாவோஸில் தொடங்கிவைத்த மாற்றுத்திறனாளிகள் கலைவிழா, 2018 மார்ச் மாதம் 'ட்ரூ கலர்ஸ்' என்ற பெயரில் சிங்கப்பூர் உள்ளரங்கத்துக்கு வந்தது. எங்கள் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். மாமா அதற்குச் சில வருடம் முன்பே போய்விட்டார்.

இப்படிப்பட்ட விழாக்களில் பேசப்படுபவை சின்னச் சின்ன விஷயங்கள்: மேடைக்குச் சாய்தளம், பாட்டுக்குக் கைமொழி, மேடையில் நடப்பதைக் காதுக்குள் சொல்லும் வர்ணனை, நிகழ்ச்சிக்கு முன்பே கலைஞர் மேடையை நடந்து, தொட்டுப் பார்க்க நேரம். மாமாவுக்கு அந்தக் கடைசி ஒன்று கிடைத்திருந்தாலே போதும்.

இப்போது வருடந்தோறும் பிள்ளைகளுக்குத் தேவாரப் போட்டி நடத்துகிறேன். மண்டபம் வாடகைக்குப் பேசப் போனால் நிர்வாகி ஒலிபெருக்கியையும் குளிர்சாதனத்தையும் பற்றித்தான் ஆரம்பிப்பார்.

"அது இருக்கட்டுங்க. மேடைக்கு எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம்?" என்பேன். அநேகமாக அவருக்குத் தெரியாது. இருவரும் எழுந்துபோய் எண்ணுவோம்.