ஆயிரம் மணி நேரம்: மின்விளக்கின் ஆயுளை யார் தீர்மானித்தார்கள்?

வாங்கிய பொருள் சீக்கிரம் பழுதாகும்போதெல்லாம் "அந்தக் காலத்துச் சாமான் மாதிரி வருமா?" என்று ஒரு குரல் எழும். மிக்சி, மின்விசிறி, கைபேசி என எதுவும் இந்தப் பேச்சுக்குத் தப்புவதில்லை. இந்த மனக்குறையை வரலாற்று ஆய்வுக்கு உட்படுத்துவது எளிதன்று. பொருளின் ஆயுளைக் குறைக்க ஒரு தயாரிப்பாளர் முடிவெடுத்தாலும் அதை எழுதி வைப்பது அபூர்வம். இதற்கு விதிவிலக்கு மின்விளக்கு. அதன் ஆயுள் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், மீறினால் எவ்வளவு அபராதம் என்பதெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டன. பெர்லினில் பாதுகாக்கப்பட்ட ஆஸ்ராம் நிறுவன ஆவணங்களும், பின்னாளில் நடந்த வழக்கு விசாரணைகளும் அவற்றை நம் கைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

இந்த வரலாற்றைச் சதிக்கதையாகச் சொல்வதே இன்று வழக்கம். அந்தக் கதையில் பாதி உண்மை. அன்றைய நிறுவனங்கள் முன்வைத்த தொழில்நுட்ப நியாயமும் பாதி உண்மை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தால்தான் தவறு எங்கே நிகழ்ந்தது என்பது விளங்கும். ஆயுளைக் குறைத்ததைவிட, ஆயுளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்குபவரிடமிருந்து எடுத்துக்கொண்டதே பெரிய தீங்கு என்பது என் முடிவு. அந்தத் தீங்கு எல்இடி காலத்தில் இன்னும் ஆழமாகியிருக்கிறது.

குண்டு பல்பின் இயற்பியலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. சூடு கூடக் கூட ஒரே அளவு மின்சாரத்துக்கு அதிக வெளிச்சம் கிடைக்கும். இழையும் வேகமாக ஆவியாகித் தேயும். ஆக, நீண்ட ஆயுளும் நிறைந்த வெளிச்சமும் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மற்றொன்று கிடைக்கும் என்ற நிலையில் உள்ளவை. மின்னழுத்தத்தை 5 சதவீதம் குறைத்தால் பல்பின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். ஆனால் வெளிச்சம் 16 சதவீதம் அளவுக்குக் குறையும். மின்செலவோ 8 சதவீதம்தான் குறையும்.

அமெரிக்காவின் லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் கார்பன் இழை விளக்கைப் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். ஷெல்பி நிறுவனம் செய்த அந்த விளக்கு இன்று சுமார் 4 வாட் அளவில் மங்கலாக ஒளிர்கிறது. அதை அணைத்து ஏற்றுவதும் அரிது. அதன் அடியில் உட்கார்ந்து யாரும் புத்தகம் படிக்க முடியாது. அந்தக் காலத்துச் சாமான் உறுதியானது என்பதற்கு அது நல்ல சான்றாகாது.

1913-இல் இர்விங் லாங்மியூர் வாயு நிரப்பிய பல்பை உருவாக்கிய பின் டங்ஸ்டன் விளக்கு முதிர்ச்சி அடைந்தது. 1920-களின் தொடக்கத்தில் சந்தையில் 1500 முதல் 2000 மணி நேரம் வரை எரியும் பல்புகள் இருந்தன. தயாரிப்பாளர்களின் கவலை வேறு திசையிலிருந்து வந்தது. ஏஇஜி, சீமென்ஸ், ஆவர் நிறுவனங்களின் விளக்குப் பிரிவுகளை இணைத்து 1919-இல் பிறந்த ஜெர்மனியின் ஆஸ்ராம், 1922-23 நிதியாண்டில் 6.3 கோடி பல்புகளை விற்றது. அடுத்த ஆண்டு விற்பனை 2.8 கோடியாகச் சரிந்தது. இத்தகைய சரிவுகளைத் தடுக்க ஆஸ்ராமின் தலைவர் வில்லியம் மெயின்ஹார்ட் ஒரு பன்னாட்டு ஏற்பாட்டுக்கு முயன்றார்.

1924 டிசம்பர் 23 அன்று ஜெனீவாவில் முன்னணி விளக்கு நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஆஸ்ராமுடன் நெதர்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் கொம்பாஞி தே லாம்ப், ஹங்கேரியின் டங்ஸ்ராம் ஆகியவை இணைந்தன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் தன் வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் வழியாகப் பங்கேற்றது. டோக்கியோ எலெக்ட்ரிக்கும் இருந்தது. இந்தக் கூட்டுக்கு ஃபீபஸ் என்று பெயரிட்டார்கள். உலகச் சந்தையைத் தாயகப் பகுதிகள், பிரிட்டனின் கடல்கடந்த பகுதிகள், பொதுப் பகுதிகள் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் விற்பனைப் பங்கு நிர்ணயித்தார்கள். அன்றைய இந்தியா இரண்டாம் பிரிவுக்குள் வந்தது. சென்னையிலோ மதுரையிலோ விளக்கு வாங்கிய குடும்பத்துக்கு ஜெனீவா எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய தேவை இருந்ததில்லை. அதன் பல்பைப் பற்றிய முடிவு மட்டும் அங்கே எடுக்கப்பட்டது.

வீட்டு உபயோக பல்பின் ஆயுள் 1000 மணி நேரம் என்று முடிவாயிற்று. முடிவெடுப்பது சுலபம், நடைமுறைப்படுத்துவதில்தான் கூட்டு தன் முழுத் திறமையையும் காட்டியது. உறுப்புத் தொழிற்சாலைகள் தங்கள் பல்புகளின் மாதிரிகளைச் சுவிட்சர்லாந்தில் இருந்த மையச் சோதனைக் கூடத்துக்குத் தவறாமல் அனுப்ப வேண்டும். அங்கே அவற்றை எரியவிட்டு ஆயுளை அளந்தார்கள். குறிப்பிட்ட வரம்பைவிடக் குறைவாக எரிந்தாலும் அபராதம், கூடுதலாக எரிந்தாலும் அபராதம். எத்தனை மணி நேரம் மிகுந்தால் எத்தனை சுவிஸ் பிராங்க் என்று படிநிலைப் பட்டியலே இருந்தது. சில உறுப்பினர்கள் இதிலும் நழுவப் பார்த்தார்கள். ஊரில் வரும் மின்னழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்ப பல்பை வடிவமைத்தால் அது நீண்ட நாள் எரியும், வாடிக்கையாளர் திரும்பி வருவார். அந்த ஓட்டையையும் கண்காணித்து அடைத்தார்கள்.

1926-இல் 1800 மணி நேரமாக இருந்த சராசரி ஆயுள் 1933-34-இல் 1205 ஆக இறங்கியது. 1926-27-இல் 33.57 கோடியாக இருந்த விற்பனை நான்கு ஆண்டுகளில் 42.08 கோடியாக ஏறியது. உற்பத்திச் செலவு குறைந்துகொண்டிருந்தபோதும் விலை பெரிதாக இறங்கவில்லை.

நிறுவனங்களின் தரப்பு இனி. 1951-இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையம் மின்விளக்குத் தொழில் பற்றிய தன் அறிக்கையில் இந்த 1000 மணி நேரக் கணக்கை ஆராய்ந்தது. எல்லாப் பயன்பாட்டுக்கும் பொருந்தும் ஒரே சிறந்த ஆயுள் என்று ஒன்று கிடையாது என்றும், பொதுப் பயன்பாட்டுக்கு 1000 மணி நேரம் ஏற்கத்தக்க சமரசமே என்றும் அது கருதியது. இதை நம் ஊர்க் கணக்கில் சரிபார்க்கலாம். 60 வாட் பல்பு 1000 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட் ஆகும். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். ஆயுளை இருமடங்காக்கிய மங்கல் பல்புகளைக் கொண்டு அதே வெளிச்சத்தைப் பெற ஏறக்குறைய 10 சதவீத மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அதாவது 30 ரூபாய்க்கு நெருங்கிய தொகை. ஒரு குண்டு பல்பு 10, 15 ரூபாய்க்கு விற்றபோது, அடிக்கடி பல்பு மாற்றுவதே ஒரு குடும்பத்துக்கு லாபம். நிறுவனங்களின் வாதம் வெறும் சாக்கு அன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது: மின்கட்டணமும் பல்பு விலையும் ஒரே கையிலிருந்து போகின்றன என்று. தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு ஒரு விளக்குக்கான மின்சாரம் இலவசமாகக் கிடைத்த காலத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் குடிசைக்காரருக்கு மின்கட்டணம் இல்லை. பல்புக்கு மட்டுமே காசு. அவருக்கு 2000 மணி நேர பல்பே சிக்கனம். கோபுர உச்சியிலும் உயரமான மண்டபக் கூரையிலும் பல்பு மாற்ற ஆள்கூலியும் சாரமும் வேண்டும். அங்கேயும் நீண்ட ஆயுளே மலிவு. நீர்மின்சாரம் மலிவாகக் கிடைத்த நார்வேயும் நிலக்கரி எரித்த கல்கத்தாவும் ஒரே கணக்கில் அடங்குமா? பொருளாதாரச் சமரசம் என்றால் அது இடத்துக்கு இடம் மாறியிருக்க வேண்டும். உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணை வைத்து, அதற்கு மேல் எரிந்தால் தண்டம் விதித்தது வாங்குபவரின் சிக்கனத்தை எண்ணிச் செய்த வேலை ஆகாது. உண்மையிலேயே நல்ல சமரசம் என்றால் 1000, 1500, 2500 என்று மூன்று வகைகளையும் அவற்றின் வெளிச்ச அளவோடு அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்றிருக்கலாம். சோதனைக் கூடத்தின் கையில் எல்லா எண்களும் இருந்தன. அவை கடைக்கு வரவில்லை.

ஃபீபஸுக்கு எதிர்ப்பும் இருந்தது. ஸ்வீடன் நாட்டுக் கூட்டுறவு இயக்கம் 1931-இல் ஸ்டாக்ஹோமில் லூமா என்ற பெயரில் தன் விளக்குத் தொழிற்சாலையைத் திறந்து விலையை இறக்கியது. வாங்குபவர்களே உரிமையாளர்களாக இருந்த அமைப்பு அது. ஜப்பானின் சிறு பட்டறைகள் மலிவு பல்புகளைக் கப்பல் கப்பலாக அனுப்பின. 1955 வரை நீடிக்கத் திட்டமிட்ட கூட்டு இரண்டாம் உலகப் போரில் உடைந்தது. 1949-இல் நியூ ஜெர்சி நீதிமன்றம் ஜெனரல் எலெக்ட்ரிக் ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது.

கூட்டு போயிற்று, எண் நின்றது. குண்டு பல்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 418 வரை அந்த 1000 மணி நேரம் வந்து சேர்ந்தது. வணிக ஒப்பந்தமாகப் பிறந்த ஓர் அளவு, தொழில்நுட்பத் தரமாக மறுபிறவி எடுத்தால் அதன் பிறப்பை யாரும் கேட்பதில்லை.

குண்டு பல்புக்கும் எல்இடிக்கும் நடுவே நம் வீடுகளை ஆண்டது டியூப் லைட். அதன் அமைப்பு இந்த ஆய்வுக்கு முக்கியமானது. குழாய் தனி, சோக் தனி, ஸ்டார்ட்டர் தனி. விளக்கு மினுக்கினால் முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றி மாற்றுவோம், சில ரூபாய்தான். அதற்கும் சரியாகாவிட்டால் குழாய். செம்புக் கம்பி சுற்றிய சோக், பல குழாய்களைப் பார்த்துவிட்டு இருக்கும். எது பழுதோ அதை மட்டும் மாற்றலாம். எது பழுது என்று கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆயுள், ஒவ்வோர் ஆயுளுக்கும் ஒரு விலை என்ற ஏற்பாடு அது. வாங்குபவரின் கையில் இருந்த அதிகாரம் எனக்குத் தெரிந்த மின்சாதனங்களில் அங்கேதான் உச்சத்தில் இருந்தது.

எல்இடி பல்பில் இயற்பியல் முற்றிலும் மாறிவிட்டது. இங்கே நீண்ட ஆயுளும் மின்சிக்கனமும் பகைகள் அல்ல. எல்இடி சில்லுவில் குறைந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது குளிர்ச்சியாக இருக்கும், நெடுநாள் உழைக்கும், ஒரு வாட்டுக்கு அதிக வெளிச்சமும் தரும். 1951-இன் சமரச வாதம் இதற்குச் செல்லாது. குறுக்கே நிற்பது தயாரிப்புச் செலவு ஒன்றே: அதே வெளிச்சத்துக்கு அதிகச் சில்லுகள் வேண்டும். குறைந்த சில்லுகளில் அதிக மின்னோட்டத்தை ஏற்றினால் பல்பு மலிவாகிறது, சூடாகிறது, சீக்கிரம் சாகிறது. இதற்கு மாற்று உண்டு என்பது நிரூபிக்கப்பட்டதுதான். 2016-இல் துபாய் மாநகராட்சியும் பிலிப்ஸும் சேர்ந்து அறிமுகப்படுத்திய விளக்கு ஒரு வாட்டுக்கு 200 லூமென் வரை தந்தது. சில்லுகளைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைத்ததே அதன் வழி. துபாய் நகரத்துக்கென்றே அது விற்பனைக்கு வந்தது.

பல்பின் உறையில் பெரும்பாலும் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும். தினம் 3 மணி நேரம் எரித்தால் அது 22 ஆண்டுகளுக்கு மேல். அதே உறையில் உத்தரவாதம் 1 அல்லது 2 ஆண்டு. இந்த இடைவெளிக்குக் காரணம் சோதனை முறையில் இருக்கிறது. பெரிய எண் எல்இடி சில்லுவின் வெளிச்சம் 70 சதவீதமாக மங்கும் வரையிலான காலம். சில்லுகளைக் குறைந்தது 6000 மணி நேரம் சோதித்து, மிச்சத்தைக் கணக்கிட்டு நீட்டுகிறார்கள். பல்பு சாவதோ பெரும்பாலும் சில்லுவால் அன்று. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் சில்லுவுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சுற்றால். அதில் உள்ள மின்பகு மின்தேக்கியின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடும் ஒவ்வொரு முறையும் பாதியாகும். கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும் பல்பில் சூடு மேலேறி டிரைவர் இருக்கும் கழுத்தில்தான் தேங்குகிறது. சில்லுகளும் சரமாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்தமும் இருண்டுவிடும். ஃபீபஸின் கூடமாவது முழுப் பல்பை எரித்து அதன் உண்மையான ஆயுளை அளந்தது. இன்று உறையில் வரும் எண் பல்பின் ஆயுளே அன்று.

நம் சிற்றூர்களில் எல்இடி பல்பைப் பிரித்து, செத்த சில்லுவை மட்டும் ஈயம் வைத்து இணைத்துவிட்டோ சில்லுகள் பதித்த தட்டையும் டிரைவரையும் மாற்றியோ மறுபடி எரியவைக்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஒட்டப்பட்ட மூடியை நெம்பித் திறந்துதான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அவர்களுடைய வேலை, டியூப் லைட்டில் இருந்த பிரிவினையை வலுக்கட்டாயமாக மீட்டெடுப்பதுதான்.

சட்டங்கள் மெல்ல நகர்கின்றன. பிரான்ஸ் 2015-இல் பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைப்பதை 2 ஆண்டுச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாக்கியது. இந்த வகைச் சட்டம் நோக்கத்தை நிரூபிக்கக் கேட்கிறது. ஃபீபஸில் அபராதப் பட்டியல் இருந்தது. இன்றைய பல்பில் இருப்பது மலிவான ஒரு மின்தேக்கி மட்டுமே, அது எந்த நோக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. 2021 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, விளக்குச் சாதனங்களில் ஒளி மூலத்தையும் டிரைவரையும் சாதாரணக் கருவிகளால் கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. இது நோக்கத்தைக் கேட்காமல் அமைப்பைக் கேட்கிறது. எனவே இதையே நான் பயனுள்ளதாகக் கருதுகிறேன். இந்தியாவில் 2022 டிசம்பரில் தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை இணையதளம் கைபேசி, வாகனம், வீட்டு உபயோகப் பொருள், வேளாண் கருவி ஆகியவற்றைப் பற்றியது. நிறுவனங்கள் தாமாகத் தகவல் தருவதை நம்பி அது நிற்கிறது.

சந்தையை வளைக்கும் வலு நம் அரசுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் மக்களுக்குச் சென்றன. மொத்தக் கொள்முதலின் பலத்தால் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாயிலிருந்து 38 ரூபாய்க்கு இறங்கியது. 3 ஆண்டுக்குள் பழுதானால் இலவச மாற்றும் கிடைத்தது. அந்த ஏலத்தில் நிறுவனங்கள் விலையில் போட்டியிட்டன. அடுத்த பெருங்கொள்முதலின் ஒப்பந்தப் புள்ளியில் மேலும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: முழுப் பல்பையும் மூடிய விளக்குக் கூண்டுக்குள் எரித்துப் பெற்ற ஆயுள் உறையில் அச்சிடப்பட வேண்டும்; டிரைவர் திருப்புளி கொண்டு கழற்றும்படி தனியாக இருக்க வேண்டும்.