கானி: அசாமின் அபின் வரலாறும் பாடநூல் விட்டுச்சென்ற பக்கமும்

பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் பாடநூலில் போதைப்பொருள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. கசகசாச் செடியின் பாலிலிருந்து மார்ஃபின் கிடைப்பதும், அதை அசிட்டைல் ஏற்றம் செய்தால் ஹெராயின் ஆவதும் அங்கே தெளிவாகச் சொல்லப்படுகின்றன. வளரிளம் பருவத்தின் ஆர்வம், நண்பர்களின் வற்புறுத்தல், பெற்றோரின் கவனிப்பு ஆகியன அடுத்து வருகின்றன. உயிரியல் நூலிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் இந்தப் பொருளை விற்றவர் யார், விற்ற பணம் எங்கே போயிற்று என்னும் கேள்விகள் அங்கே இடம்பெறாததால், மாணவர் மனத்தில் போதை என்பது தனிமனிதப் பலவீனமாக மட்டுமே பதிகிறது. அசாமின் கதை வேறொன்றைச் சொல்கிறது.

அங்கே அபினுக்குக் கானி என்று பெயர். 1792–94இல் கேப்டன் வெல்ஷின் படையோடு வந்த சிப்பாய்களே கசகசாப் பயிரைக் கொண்டுவந்தனர் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. எவ்வாறாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது குடியானவர் வீட்டுக் கொல்லையெங்கும் பரவியிருந்தது. 1853இல் நீதிபதி மொஃபட் மில்ஸ் அசாமின் நிலையை ஆராய வந்தபோது ஆனந்தராம் தேகியால் புகானும் மணிராம் திவானும் தனித்தனியே விண்ணப்பங்கள் அளித்தனர். இருவரும் அபினைப் பற்றி எழுதினர். புகான் கேட்டது படிப்படியான ஒழிப்பு. மில்ஸ் பரிந்துரைத்ததோ வேறு: மக்கள் தாமே பயிரிடக் கூடாது, வேண்டுவோர் அரசிடம் விலைகொடுத்து வாங்கட்டும். 1860–61இல் கசகசாச் சாகுபடி தடைசெய்யப்பட்டது. அரசுக் கிடங்கின் அபின் விற்பனை மட்டும் நிற்கவில்லை. ஒழுக்கத்தின் மொழியில் எழுந்த கோரிக்கை ஏகபோக வணிகத்தின் கருவியாக மாறிய இடம் இது.

1861ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில்தான் ஹேமச்சந்திர பரூவாவின் 'கானீயார் கீர்த்தன்' நாடகம் வெளிவந்தது. கானிக்கு அடிமையானவனின் வீழ்ச்சியை நகைச்சுவையோடு காட்டும் அந்நாடகம், அசாமிய மொழியின் முதல் போதை எதிர்ப்புப் பாடங்களுள் ஒன்று எனலாம். அதே ஆண்டு அக்டோபரில் நகாவ் மாவட்டத்துப் புலகுரியில் திவா குடியானவர்கள் திரண்டெழுந்தனர். கசகசாத் தடையும், வெற்றிலை பாக்கின் மீது வரி வரப்போகிறது என்ற அச்சமும் அவர்களைக் கொதிக்கச் செய்திருந்தன. லெப்டினென்ட் சிங்கர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் குடியானவர்கள் மடிந்தனர். படித்தவர் மேடையில் கானீயாவைக் கண்டு சிரித்தபோது, கானி விளைவித்தவர் வயலில் சுடப்பட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்காத எந்தப் பாடமும் அரைகுறையே.

பிறகு அரசு விலையை ஏற்றிக்கொண்டே போயிற்று. நுகர்வு குறைந்தாலும் வருவாய் குறையவில்லை. 1893இல் அமைக்கப்பட்ட அரச அபின் ஆணையம், அளவோடு உண்ணும் அபினால் இந்தியருக்குப் பெருந்தீங்கு இல்லை என்று 1895இல் அறிக்கை தந்தது. உறுப்பினர் எச். ஜே. வில்சன் ஒருவரே மாறுபட்டார்.

காட்சி மாறியது 1921இல். ஆகஸ்டில் காந்தி அசாமில் சுற்றுப்பயணம் செய்தார். கல்லூரிகளை விட்டு வெளியேறிய மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று கானிக்கு எதிராகப் பேசினர். அபின் கடைகளின் முன் மறியல் செய்தனர். இங்கே மாணவர், பாடம் கேட்பவராக இல்லை. கற்பிப்பவராக இருந்தார் என்பது கவனத்துக்குரியது. விற்பனை சரிந்தது, கூடவே கைதுகளும் நடந்தன. இயக்கம் தணிந்தபின் அசாம் காங்கிரஸ் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. குலதர் சலிஹா தலைமை ஏற்க, சி. எப். ஆண்ட்ரூஸ் துணைநின்றார். 1925இல் வெளியான அதன் அறிக்கை அசாமைத் தாண்டி, அபின் குறித்த உலகளாவிய விவாதத்தையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. மருத்துவத் தேவை தவிர்த்த விற்பனை முடிவுக்கு வரவேண்டும் என்றது. கூடவே, நாற்பது வயதைக் கடந்த நெடுநாள் அடிமைகளைப் பதிவுசெய்து அளவாக வழங்கவும், அவ்வயதுக்குட்பட்டவரை நோயாளிகளாகக் கருதவும் கோரியது. அடிமையைக் குற்றவாளி என்று அது அழைக்கவில்லை. நூறாண்டுக்கு முன் ஒரு மாகாணக் குழுவுக்கு இருந்த இந்த நிதானம் இன்றைய விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் பலவற்றில் இல்லை; மண்டையோட்டுப் படம்தான் இருக்கிறது.

கோபிநாத் பர்தலாய் அமைச்சரவை 1939 ஏப்ரல் 15 அன்று திப்ரூகட், சிவசாகர் உட்கோட்டங்களில் முழுத் தடையைத் தொடங்கியது. அதே ஆண்டில் வேளாண் வருமான வரிச் சட்டமும் வந்தது. தேயிலைத் தோட்ட முதலாளிகள் அதை விரும்பவில்லை. கானி வருவாயை இழக்கத் துணிந்த அரசு, வேறு எவரிடமிருந்தோ வரி பெற்றாக வேண்டும் அல்லவா? மாகாணம் முழுமைக்குமான அபின் தடைச் சட்டம் 1947இல் நிறைவேறியது.

1820இல் தொடங்கிய காசிப்பூர் அபின் தொழிற்சாலை மருந்துத் தேவைக்காக இன்றும் இயங்குகிறது. அசாமை ஒட்டிய அருணாசலத்தின் லோஹித், அஞ்சாவ் மாவட்டங்களில் கசகசா இன்றும் சட்டத்துக்குப் புறம்பாக விளைகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் பயிரை வெட்டி அழிக்கிறார்கள். அதற்கு மாற்றாக எதைப் பயிரிட்டு எங்கே விற்பது என்று அந்த மலைக் குடியானவர்கள் கேட்கிறார்கள்.