மண்சரிவு எச்சரிக்கைக்கு எந்தத் தொலைபேசி இணைப்பு? பதுளைத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தை தோட்டத்து லயன்களை மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது அதே மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகள் ஏற்பட்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன.

1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்தவர்களின் உறவுகள் இன்னும் இந்தத் தோட்டங்களில் வாழ்கிறார்கள். தொடர்பு அறுந்த நாட்கள் எப்படியிருக்கும் என்பது யுத்தத்தைக் கண்ட எமக்குத் தெரியும். தோட்டத்தின் அவசரத் தொலைபேசிக்கோ எச்சரிக்கைக் கருவிக்கோ இணைப்பெடுத்துக் கொடுக்க விரும்புவோர் வேகத்தையும் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: மின்சாரம் நின்ற பிறகு இந்த இணைப்பு எத்தனை மணிநேரம் உயிரோடு இருக்கும்?

செப்புக் கம்பி இணைப்பு: இதற்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வருகிறது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் பேசலாம். ஆனால் சுவர் மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாக் கைபேசியை இதில் பொருத்தினால் அந்த நன்மை போய்விடும். சாதாரண வயர் தொலைபேசியே வேண்டும். பாதையோரக் கம்பம் சரிந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்பது இதன் பலவீனம். ஏற்கனவே செப்பு இணைப்பு இருக்கும் தோட்ட அலுவலகம் அதை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு: கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. சுவரில் உள்ள பெட்டிக்கு மின்சாரம் நின்றதும் தொலைபேசியும் நின்றுவிடும். எனவே பெட்டிக்குத் தனி பேட்டரி அவசியம். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்தே பேட்டரி வாங்க வேண்டும்.

4ஜி ரௌட்டர்: கம்பம் தேவையில்லை என்பதால் லயன்களுக்கு எளிது. ஆனால் இதற்கு இரண்டு இடங்களில் மின்சாரம் வேண்டும்: வீட்டிலும் கோபுரத்திலும். கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் வீட்டில் எத்தனை பேட்டரி வைத்திருந்தும் பயனில்லை.

கையடக்கத் தொலைபேசி: பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே கையில் இருக்கும் கருவி. பொத்தான் தொலைபேசியின் சார்ஜ் பல நாட்கள் நிற்கும். அழைப்பு நெரிசலில் பேச முடியாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு.

செய்மதி இணையம்: ஸ்டார்லிங்க் 2025 ஜூலை முதல் இலங்கையில் இயங்குகிறது. உள்ளூர் கோபுரமும் கம்பமும் விழுந்தாலும் இது வேலை செய்யும். திறந்த வானமும் தொடர்ச்சியான மின்சாரமும் தேவை. ஒரு குடும்பத்துக்குச் செலவு அதிகம். தோட்ட வைத்தியசாலைக்கோ பாடசாலைக்கோ பொருந்தும். ஆனால் அது தருவது இணையத்தை மட்டுமே. 117ஐச் சுழற்றும் சாதாரணத் தொலைபேசி அல்ல.

ஆகவே ஒரே இணைப்பை நம்பாதீர்கள். ஒரே காரணத்தால் சாகாத இரண்டைச் சேர்த்து வையுங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம் வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களின் அன்டெனாக்களும் ஒரே கோபுரத்தில் இருந்தால், அந்தக் கோபுரத்தோடு இரண்டும் போய்விடும். எந்த சிம்முக்கு எந்த மலையிலிருந்து சிக்னல் வருகிறது என்று விசாரியுங்கள். தோட்ட அலுவலகத்தில் ஒரு கம்பி இணைப்பும், லயன்களில் பொறுப்பான இருவரிடம் வெவ்வேறு கோபுரத்து சிம்களும் இருப்பது நல்ல ஏற்பாடு.

கருவி வாங்குமுன் அது எந்தத் தொழில்நுட்பத்தில் இயங்குகிறது என்றும் கேளுங்கள். ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த சிடிஎம்ஏ தொலைபேசிகள், சேவை நிறுத்தப்பட்டதும் வெறும் பெட்டிகளாயின. தானாக அழைக்கும் பழைய கருவிகள் சில செப்புக் கம்பிக்கென்றே செய்யப்பட்டவை. ஃபைபரிலோ 4ஜியிலோ பொருத்தினால் ஒருமுறை அழைத்துப் பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 தாண்டினால் வெளியேறத் தயார். 150 தாண்டினால், அல்லது ஒரே மணிநேரத்தில் 75 பெய்தால், வெளியேற்றம். கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. மழைமானியைப் பார்ப்பவர் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதை எழுதி மழைமானிக்கு அருகிலேயே ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்பியூலன்ஸ் 1990 என்ற இலக்கங்களும் அதில் இருக்கட்டும்.

தொலைபேசி ஒருவரைத்தான் எழுப்பும். அங்கிருந்து லயன் முழுவதையும் எழுப்பக் கோவில் மணியோ பேட்டரி ஒலிபெருக்கியோ வேண்டும். மாதம் ஒருமுறை பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, மழைமானி முதல் கடைசி லயன் வரை செய்தி போகிறதா என்று பாருங்கள். அந்தச் சோதனையில் தேறும் இணைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.